பட்டத்தில் என்ன பெயர் இருக்கிறது?

"கிரிமினாலஜி முடித்தால் போலீஸ், சிபிஐ, தடயவியல் கூடம்" என்று கல்லூரி விளம்பரங்கள் ஒரே மூச்சில் அடுக்குகின்றன. மூன்றுக்கும் வாசல் வேறு வேறு.

காவல் உதவி ஆய்வாளர் தேர்வைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமும், சிபிஐ உதவி ஆய்வாளருக்கான சிஜிஎல் தேர்வை மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி.யும் நடத்துகின்றன. இரண்டுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். வணிகவியல் படித்தவரும் எழுதலாம். ஆனால் சீருடைப் பணிக்கு உயரம் அளப்பார்கள். மூன்று வருடம் படித்துவிட்டு அளவுகோலின் முன் நின்று ஒரு சென்டிமீட்டர் குறைவதைக் கண்டுபிடிப்பது கொடுமை. சேரும் முன்பே வீட்டுச் சுவரில் அளந்து பாருங்கள்.

தடயவியலுக்கு இப்போது தேவை கூடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்படி, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நிகழ்விடத்துக்கு வர வேண்டும். இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆனாலும் ஆய்வகப் பணிகள் பெரும்பாலும் வேதியியல், இயற்பியல், உயிரியல் அடித்தளம் உள்ளவர்களுக்கே.

கிரிமினாலஜி என்னும் குற்றவியல் படிப்புக்கு உண்மையிலேயே சொந்தமான களத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி குற்றவாளியின் சூழலை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் சிறுவர்களுடன் வேலை செய்பவர்கள், சிறைச் சீர்திருத்தப் பணியாளர்கள் எல்லாம் அந்தக் களத்தில் இருப்பவர்கள்தாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான், தொகுப்பூதியம்தான். இருந்தாலும் படித்தது அங்கேதான் பயன்படும்.

இனி, பலரும் கவனிக்காத ஆபத்து. 'குற்றவியல்', 'குற்றவியலும் காவல் நிர்வாகமும்', 'குற்றவியலும் தடய அறிவியலும்' என்று பட்டங்களின் பெயர்கள் பலவிதம். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் உள்ள பெயரும் உங்கள் பட்டத்தின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், இணைக்கல்வித் தகுதி அரசாணை கேட்பார்கள். ஆகவே பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அரசாணை எண்ணைக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும்: கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்? சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதக் கட்டணமும், அடுத்த 15 நாளுக்குள் 50 சதவீதமும் திரும்பத் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 அறிவிப்பு. சில ஆண்டுகளில் இன்னும் தாராளமாகவும் அறிவித்திருக்கிறது. அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்துவைக்கவும் கூடாது. மறுத்தால் யூஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம்.

'துப்பறிவாளர் சான்றிதழ்' விற்கும் பயிற்சி மையங்கள் தனி ரகம். தனியார் துப்பறிவாளருக்கு உரிமம் வழங்கும் மத்தியச் சட்டமே இந்தியாவில் இல்லை. 2007-இல் கொண்டுவந்த மசோதாவும் சட்டமாகவில்லை. வேலை உறுதி என்று பொய் விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் பயிற்சி மையங்களுக்குத் தடை செய்திருக்கிறது. இதற்குப் புகார் எண் 1915. வேலை வாங்கித் தருவதாக இணையவழியில் பணம் பறித்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. சேரும்போது தந்த துண்டறிக்கை, கட்டண ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். புகாரோடு சேர்க்க அவைதான் சாட்சி.