கவிஞன் வேண்டிய மனை

மாந்தர் யாவரும் தாம் குடியிருக்கும் வீட்டையன்றிப் பிறிதொரு வீட்டையும் உள்ளத்தே கட்டி வைத்திருப்பர். கடனும் நோயும் பகையும் நெருக்குங்கால் அதனுள்ளே புகுந்து சற்று இளைப்பாறி மீள்வர். அவ்வீடு எத்தகையது, அதில் உடனுறைவார் யாவர் என்பதை ஒருவன் வாய்விட்டுக் கூறுவானாயின், அவனுடைய பட்டத்தையும் பதவியையும் கொண்டு அறியலாகாத பலவற்றை அதனால் அறிந்துகொள்ளலாம். தமிழிலே அவ்வாறு வாய்விட்டுக் கூறியவர் சுப்பிரமணிய பாரதியார். 'காணி நிலம்' என வழங்கும் அவருடைய பாட்டு, தோத்திரப் பாடல்களுள் ஒன்றாகப் பராசக்தியை நோக்கிச் செய்த விண்ணப்பமாய் அமைந்துள்ளது. பாலர் வகுப்பு முதலாகப் பாடிப் பழகிய காரணத்தாலேயே அதனை நின்று நோக்குவார் மிகச் சிலராயினர்.

பாட்டின் பொருள் எளிது. ஒரு காணி நிலம் வேண்டும். அதன் நடுவே அழகிய தூண்களும் தூய நிறத்து மாடங்களும் உடைய மாளிகை வேண்டும். அருகே கேணியும் தென்னைகளும் வேண்டும். முத்துப்போன்ற நிலவும், செவியிற் படுமளவிற் குயிலின் ஓசையும், மனம் மகிழ இளந்தென்றலும் வேண்டும். அதன்பின்னரே உடன்வாழ ஒரு பெண்ணும், இருவரும் கூடிய களிப்பிலே பிறக்கும் கவிதையும், தேவியின் காவலும் வேண்டப்படுகின்றன. இறுதியாக, தம் பாட்டின் வலிமையால் இவ்வுலகம் காக்கப்படுதல் வேண்டும் என்று முடிக்கின்றார்.

இவ்வேண்டுதலின் வரிசை கருதத்தக்கது. நிலமும் வீடும் கேணியும் விலைகொடுத்துப் பெறத்தக்கன. நிலவும் குயிலோசையும் தென்றலும் விலைக்கு வாராதன. ஆயினும் நல்ல இடத்திலே இருப்பார்க்குத் தாமே வந்தெய்துவன. துணையும் கவிதையுமோ இடம் நன்றாய் அமைந்துவிட்டமையால் மட்டும் வருவன அல்ல. அளக்கக்கூடியதிலே தொடங்கி, அளவிலடங்காததற்குப் பாட்டுப் படிப்படியாக ஏறிச்செல்கின்றது.

அளவு என்றமையின் அதனையும் சிறிது பார்த்தல் தகும். சென்னை வழக்கில் ஒரு காணி என்பது 24 மனை. ஒவ்வொரு மனையும் 2,400 சதுர அடி. ஆகவே ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர். பத்துப் பேர்ச்சு கொண்டது ஒரு பரப்பு என்னும் நம்மவர் கணக்கிற் கூறின் அது 21 பரப்பாகும். ஒரு குடும்பத்தின் வளவுக்குப் பெரிது, கமக்காரனுக்கோ சிறிது. இத்துணை நிலத்திலே கவிஞர் கேட்ட தென்னைகள் பத்துப் பன்னிரண்டு மாத்திரமே. தோட்டமாகத் தென்னை வைப்போர் ஏக்கருக்கு அறுபதுக்குக் குறையாமல் நடுவராதலின், ஒரு காணியில் எண்பது மரம் நிற்கலாம். எண்பதை விடுத்துப் பன்னிரண்டோடு அமைந்தமையால், அம்மரங்கள் வருவாய்க்காக வேண்டப்பட்டன அல்ல என்பது தெளிவு. அவை நிழலுக்கும் இளநீருக்கும், கீற்றினூடே நிலவு தோன்றும் காட்சிக்குமே ஆயின. இக்கணக்கைத் தேங்காய் வியாபாரி ஒருவர் கேட்டால் நகைப்பார். கவிஞரும் உடன் நகைப்பாரன்றி மரங்களைக் கூட்டியிரார்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே மேனாட்டுக் கவிஞர் ஒருவரும் இவ்வாறு ஒரு மனையைக் கற்பித்தார். அயர்லாந்துக் கவிஞர் யேற்ஸ் 1888ஆம் ஆண்டில் எழுதி 1890இல் வெளியிட்ட 'இனிஸ்பிறீ' என்னும் பாட்டு ஆங்கிலம் பயின்றார் அறிந்ததே. இலண்டன் மாநகரின் பிளீற் வீதி வழியே அவர் நடந்து செல்கையில், கடையொன்றின் கண்ணாடிக்குள்ளே சிறு நீர்த்தாரை ஒன்று பந்தொன்றை ஏந்தி ஆடிற்று. அந்நீரின் ஒலி, பிறந்த நாட்டு ஏரியையும் அதிலுள்ள சிறு தீவையும் அவருக்கு நினைவூட்டியது. அங்கே களிமண்ணும் மிலாறும் கொண்டு குடிசை கட்டி, ஒன்பது நிரை அவரை நட்டு, தேன்கூடொன்று வைத்துத் தனியே வாழப்போவதாக அவர் பாடினார். பாரதியார் தென்னையை எண்ணியதுபோலவே அவர் அவரை நிரையை எண்ணினார். கனவு காண்போர் இருவரும் எண்ணிலே இத்துணைக் கண்ணாயிருத்தல் வியப்பே.

வேற்றுமைகள் இரண்டு உள. யேற்ஸ் கேட்டது குடிசை. பாரதியார் கேட்டது மாளிகை. ஏழைகளைப் பாடிய கவிஞர் மாளிகை கேட்கலாமோ எனக் குறை காண்பாரும் உளர். குடிசையை இனிமையுடையதாகக் கனவு காண்பவன் பெரும்பாலும் நல்ல வீட்டில் இருந்தவனே. அமெரிக்க அறிஞர் தோறோ 1845இல் வால்டன் குளக்கரையிலே தம் கையாற் சிறு மனை கட்டி இரண்டாண்டுக்கு மேலாக உறைந்தார். அந்நூற் பகுதியைத் தந்தையார் படிக்கக் கேட்டே யேற்சுக்கும் அவ்வாசை பிறந்தது. தோறோ ஊருக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தார். வேண்டும்போது தாய் வீட்டுக்குப் போய்வந்தார். வாடகை வீட்டில் அரிசிக்குக் கவலையுற்றிருப்பவனுக்கு எளிமை என்பது கனவன்று, நாள்தோறும் உள்ள நடப்பு. அவன் தூணும் மாடமும் கேட்டல் பேராசையாகாது.

மற்றைய வேற்றுமையே முதன்மையானது. யேற்ஸின் தீவிலே வேறு மனிதர் இல்லை. பாரதியாரின் காணியோ ஒருவர் மட்டும் வாழ்வதற்கு ஆனதன்று. தென்றலைக் கேட்கும் இடத்திலே தம் மனம் மகிழவேண்டும் என ஒருமையிற் பேசியவர், பெண்ணைக் கேட்டபின் 'எங்கள்' எனப் பன்மைக்கு மாறுகின்றார். மகிழ்ச்சி அவ்விடத்தில் இருவர்க்கும் பொதுவாகின்றது. கவிதையும் அப்பொதுவுடைமையிலிருந்தே பிறத்தல்வேண்டும் என்கின்றார். கவிதை தனிமையிலே விளைவது என்பார் கொள்கைக்கு இது முற்றிலும் மாறானது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழாக்கிய உமர்கையாம் பாடலிலும் நிழலும் தென்றலும் கவிதை நூலும் துணையும் ஒருங்கே வருகின்றன. ஆனால், அங்கே கவிதை முன்னரே நூலாய்க் கையில் உள்ளது. இங்கே இனித்தான் பிறக்கவேண்டும்.

இவ்வில்லறக் காட்சிக்குத் தமிழிலே பழைய மரபு உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாட்டிலே கூடலூர் கிழார் காட்டும் மனை யாவரும் அறிந்தது. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையோடு, தாளிப்பின் புகை கண்ணிற் படத் தலைவி குழம்பு சமைக்கின்றாள். இனிது என்று சொல்லித் தலைவன் உண்கின்றான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. மனைக்குச் சென்று கண்டுவந்த செவிலி அதனை நற்றாய்க்குச் சொல்வதாகப் பாட்டு அமைந்துள்ளது. அங்கே தூணும் மாடமும் நிலவும் கூறப்படவில்லை. புகையும் கறைபட்ட ஆடையுமே உள. தலைவனும் தலைவியும் எதனையும் வேண்டவுமில்லை. உள்ளவர்க்கு வேண்டுதல் எதற்கு? பாரதியார் வேண்டினார் என்பதே அவரிடம் அது இல்லை என்பதற்குச் சான்றாகின்றது. அவருடைய மாளிகையிலே அடுப்பங்கரை கூறப்படாமையும் ஈண்டு நோக்கத்தக்கது. அடுப்பின் துன்பத்தை அறிந்தவர் வேறொருவர்.

அவர் செல்லம்மாள். 1897இல் மணம் நிகழ்ந்தபோது பாரதியாருக்கு வயது பதினான்கு, செல்லம்மாளுக்கு ஏழு. 1908இல் 'இந்தியா' பத்திரிகையின் மீது அரசினர் நடவடிக்கை எடுக்கவே, பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியை அடைந்து பத்தாண்டு அங்கே வாழ்ந்தார். பத்திரிகை பிரித்தானிய இந்தியாவுக்குட் செல்லாதபடி தடுக்கப்பட்டு 1910இல் நின்றது, வருவாயும் நின்றது. வ.வே.சு. ஐயர், அரவிந்தர் முதலியோரின் நட்பும், பின்னாளிற் பாரதிதாசனாகிய இளைஞரின் அன்பும் அவருக்குக் கிடைத்தன. பேச்சுக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. வீடோ வாடகை வீடு. தெருவிலே பிரித்தானிய அரசின் ஒற்றர். பாட்டிலே தேவியிடம் காவல் வேண்டியவரைச் சூழ்ந்து நின்றது இந்தக் காவல். அவர் வேண்டிய மனைக்கு மதிலும் வாயிற்கதவும் சொல்லப்படாதிருத்தல் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. 1918 நவம்பரிலே அவர் புதுச்சேரியை நீங்கியபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். விடுதலைக்குப் பின் மனைவியின் ஊராகிய கடையத்திற் சிலகாலம் தங்கி, 1920இற் சென்னைக்குச் சென்று, 1921 செப்டெம்பரிலே திருவல்லிக்கேணியிற் காலமானார். காணி நிலம் அவருக்கு வாய்க்கவேயில்லை.

இவ்வரலாற்றை அறிந்தபின் பாட்டின் முடிவைப் படிப்பார்க்கு ஒரு நெருடல் தோன்றுதல் கூடும். இடையிலே 'எங்கள்' என்றவர், இறுதியில் உலகைக் காக்கும் பாட்டைத் 'தம்' பாட்டு என்கின்றார். கூட்டுக் களிப்பிலே பிறந்த கவிதை ஒருவருக்கே உரியதாகி விடுகின்றது. பராசக்தியின் முன் பக்தன் தன்னைப் பற்றியே பேசுதல் தோத்திர மரபு எனச் சமாதானங் கூறலாம். அது பொருந்துவதே. எனினும், உடனுறைந்தவரின் பங்கு என்ன என்னும் வினா அதனால் முற்றும் அடங்கவில்லை.

அவ்வினாவுக்கு விடை பாட்டுக்கு வெளியே கிடைக்கின்றது. கணவர் இறந்தபோது செல்லம்மாளுக்கு வயது முப்பத்தொன்று. பாடல்கள் பல, பத்திரிகைகளிலும் கையெழுத்துத் தாள்களிலும் சிதறிக் கிடந்தன. அவர் தம் உற்றாரின் துணையோடு பதிப்பகம் ஒன்றைத் தொடங்கி, 1922ஆம் ஆண்டிலே 'சுதேச கீதங்கள்' நூலைத் தம் முன்னுரையுடன் வெளியிட்டார். 1949இற் சென்னை மாகாண அரசு அப்படைப்புகளின் உரிமையைப் பெற்று மக்களுக்குப் பொதுவாக்கும்வரை அவை கைமாறிக் கைமாறி வந்தமைக்கு முதல் வழி இதுவே. கணவரின் வரலாற்றையும் அவர் சொல்ல, அதுவும் நூலாயிற்று. 1955இல் அவர் மறைந்தார். எட்டயபுரம், புதுச்சேரி, திருவல்லிக்கேணி ஆகிய மூன்றிடங்களிலும் பாரதியார் வாழ்ந்த வீடுகள் இன்று நினைவில்லங்களாக அரசினராற் பேணப்படுகின்றன. செல்லம்மாள் 1922இல் தொடங்கிய பதிப்பகத்துக்கோ தூணும் மாடமும் இல்லை. அதற்கு அவர் இட்ட பெயர் 'பாரதி ஆச்சிரமம்'.