தேடுகிறவர் எந்தச் சொல்லோடு வருகிறார்?

பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் ஒரு காப்பகத்தில், கட்டுரைகளுக்குக் குறிச்சொல் போடுவது என் வேலை. எங்களுக்குள் 'டேக்' என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஒரு கட்டுரையைப் படித்து, அது எதைப் பற்றியது என்று நாலைந்து சொற்களில் எழுத வேண்டும். "இவ்வளவுதானா?" என்பார்கள். இவ்வளவுதான். அந்த நாலைந்து சொல் பிசகினால் கட்டுரை இருந்தும் இல்லாத மாதிரி.

காப்பிக் கடைகளைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது என்று வையுங்கள். போட்டவர் 'காப்பி' என்று போட்டார். தேடுகிறவர் 'காபி' என்று தட்டுகிறார். திரையில் ஒன்றும் வராது. கோயில், கோவில், நெல்லை, திருநெல்வேலி, பஸ், பேருந்து என்று இந்தத் தொல்லை நீளும். பழைய இதழில் 'மதராஸ்' என்று இருக்கும். இன்றைய பிள்ளைகள் 'சென்னை' என்றுதான் தேடுவார்கள். எது சரி என்ற வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடுகிறோம். எதைத் தட்டினாலும் கட்டுரை வர வேண்டும், அதுதான் எங்கள் கவலை.

நூலகத்துறைக்கு இது பழைய தலைவலி. அமெரிக்க நூலகர் சார்லஸ் அம்மி கட்டர் 1876இல் வெளியிட்ட நூற்பட்டியல் விதிகளிலேயே மருந்து இருக்கிறது: ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பைத் தேர்ந்தெடு, மற்றப் பெயர்களின் கீழ் 'இன்னதைக் காண்க' என்று எழுதி வை. நூலகத்தின் அட்டைப் பட்டியலில் 'கோவில்' என்று தேடியவரை, 'கோயில் காண்க' என்ற அட்டை சரியான இடத்துக்கு அனுப்பிவிடும்.

இணையத்தில் இதை அழகாகச் செய்பவர்கள், ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேர்த்து வைக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தார். 2019இல் ஹியூகோ விருது வாங்கிய தளம் அது. எழுதுகிறவர் தம் மனம்போல எந்தக் குறிச்சொல்லும் போடலாம். யாரும் திருத்த மாட்டார்கள். பின்னால் தன்னார்வலர்கள் உட்கார்ந்து, ஒரே பொருளைச் சுட்டும் சொற்களை ஒரு தலைச்சொல்லோடு இணைத்துவிடுகிறார்கள். தலைச்சொல்லைத் தேடினால் அதன் உறவுக்காரச் சொற்கள் போட்ட கதைகளும் சேர்ந்தே வருகின்றன. எழுதுபவருக்குச் சுதந்திரம், தேடுபவருக்கு ஒழுங்கு.

தமிழில் இன்னொரு கண்ணி உண்டு. அது கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், தனித்தனியாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடும் கணினிக்கு அவை வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளும் வழியை யூனிகோடே வகுத்திருக்கிறது. தேடுபொறி அதைச் செய்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் 'பௌர்ணமி'யை, எகரக் கொம்பும் ளகரமும் போட்டு 'பெளர்ணமி' என்று தட்டுபவர்கள் ஏராளம். அந்த வழி இதைச் சரிசெய்யாது. ஆள் பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், எவ்வளவு பெரிய சொல் போடுவது என்பது. 'சமூகம்', 'பண்பாடு' என்று போட ஆசை வரும். சமையலறையில் எல்லா டப்பாவிலும் 'மளிகை' என்று எழுதி ஒட்டுகிற வேலை அது. ஒரே ஒரு கட்டுரைக்குப் பொருந்தும் சொல்லை மட்டும் போட்டாலும், அது யாருக்கும் தோன்றாமல் போகும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், இதற்குச் சங்கிலி முறையைத் தந்தார். நுரையீரல் காசநோய் பற்றிய நூலுக்குக் காசநோய், நுரையீரல், மருத்துவம் என்று ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பதிவு உண்டு. சிறிதில் நுழைந்தாலும் பெரிதில் நுழைந்தாலும் வழி இருக்கும். வாசகர் நேரத்தைக் காப்பாற்று என்பது 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது.

எனக்குப் பாடம் சொல்லித்தருவது ஒரு பட்டியல். தேடியும் விடை கிடைக்காத சொற்களையெல்லாம் கணினி குறித்து வைத்திருக்கும். யாரோ 'பாட்டி வைத்தியம்' என்று தட்டியிருப்பார். நாங்கள் 'நாட்டு மருத்துவம்' என்று போட்டிருப்போம். அவர் சொல்லை எங்கள் சொல்லோடு கட்டிவிட்டால், அடுத்து வருகிறவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். படிப்பாளிகள் கூடிப் பேசி உருவாக்கும் சொற்பட்டியலைவிட இந்தத் தோல்விப் பட்டியலை நான் அதிகம் நம்புகிறேன். சனங்கள் எந்தச் சொல்லோடு வருகிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

வீட்டுக்கும் இது பொருந்தும். நிலப்பத்திரத்தை ஸ்கேன் செய்து 'ஆவணம் 3' என்று பெயர் வைக்காதீர்கள். பத்திரம், கிரயம், ஊர்ப்பெயர், சர்வே எண், வாங்கிய ஆண்டு, யார் பேரில் இருக்கிறது என எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே சேருங்கள். அவசரத்தில் தேடப்போவது உங்கள் மகளாக இருக்கலாம். அவளுக்குக் கிரயம் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். 'வயல்' என்று தட்டுவாள். அதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.