அடைமழையும் தறிக்குழியும்

குமாரபாளையத்துப் பெரியவர்களிடம் கஷ்டகாலம் எது என்று கேட்டால் கோடையைச் சொல்ல மாட்டார்கள். ஐப்பசியையும் கார்த்திகையையும்தான் சொல்வார்கள். விவசாயி மழையை எதிர்பார்த்து வானத்தைக் கும்பிட்ட அதே மாதங்களில், காவிரிக்கு இந்தக் கரையில் குமாரபாளையத்திலும் எதிர்க்கரையில் பவானியிலும் நெசவாளி அதே வானத்தைப் பார்த்துக் கலங்கினான்.

கைத்தறி என்றால் அன்று குழித்தறி. நெசவாளியின் கால்கள் தரைக்குக் கீழே இருக்கும். மிதி குழிக்குள், பாவு எனும் நீளவாட்டு நூல்கள் தரையை ஒட்டி. அப்படி அமைத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. பருத்தி நூல் காய்ந்தால் அறும், லேசான ஈரம் இருந்தால் தாங்கும். மண்ணின் குளுமை நூலைக் காப்பாற்றியது. ஆனால் அடைமழை பிடித்துவிட்டால் அதே குழியில் ஊற்று கிளம்பிவிடும். சொம்பால் மொண்டு வெளியே கொட்டக் கொட்ட மறுபடி ஊறும். குழியில் தண்ணீர் நின்றால் தறி நின்றது என்று அர்த்தம், தறி நின்றால் கூலி நின்றது.

குழியை விடவும் பெரிய தொல்லை பாவு. விடிவதற்கு முன்பே தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சிப் பசையைத் தடவி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பெரிய பிரஷால் நீவிக்கொண்டே போவார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காய வேண்டும். அதற்கென்றே சேலம், திருச்செங்கோடு பக்கத்து நெசவாளர் ஊர்களில் பாவடி என்று பொது இடம் விட்டிருந்தார்கள். ஒரு பாவு போட ஒரு வீட்டு ஆட்கள் போதாது. இன்று என் வீட்டுப் பாவுக்கு நீ வந்தால் நாளை உன் வீட்டுப் பாவுக்கு நான். பாதி நீவிக்கொண்டிருக்கும்போது தூறல் விழுந்தால், அது யார் வீட்டுப் பாவு என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவரும் ஓடிவந்து ஒரு முனையைப் பிடிப்பார். நனைந்த பசை பூசணம் பிடித்துவிட்டால் அத்தனை நூலும் வீண்.

எங்கள் வீட்டில் ஆயாதான் மழைக்காலத்தின் நிதியமைச்சர். தினமும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார். பங்குனி வெயிலில் போட்ட பிடியரிசியை ஐப்பசியில்தான் தொடுவார். கொள்ளும் ராகியும் அறுவடைச் சமயத்தில் மலிவாகக் கிடைக்கும்போதே வாங்கி, சாம்பலும் வேப்பிலையும் கலந்து கட்டி வைத்திருப்பார். பாவு முடிந்து மிஞ்சும் துண்டு நூல்களை ஒரு சாக்கில் சேர்ப்பார். அது கொடிக்கயிறாகும், தொட்டில் கயிறாகும், கார்த்திகை தீபத்துக்குத் திரியாகும். தறி ஓடாத நாட்களில் தெருப் பெண்கள் ஒரு திண்ணையில் கூடி ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவார்கள். ஒரே அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு வேகும். சிரிப்புச் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். “இத்தனை கஷ்டத்துல எப்படி ஆயா சிரிக்கிறீங்க?” என்று கேட்டதற்கு, “மழை நம்மளுக்கு மட்டுமா பேயுது கண்ணு?” என்றார்.

அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே மழை ஊர் முழுக்கத் தறியை நிறுத்தியது. கடன் கேட்பவருக்குக் கூச்சமில்லை, கொடுப்பவருக்கு மிதப்பில்லை, ஏனென்றால் அடுத்த வாரம் அவரே கேட்க வரக்கூடும்.

அந்தக் காலத்தை அப்படியே பொற்காலமாக்கிவிடவும் கூடாது. பிடியரிசிப் பானை எல்லாக் கஷ்டத்தையும் தாங்கிவிடாது. 1952-53-இல் நெய்த துணி விற்காமல் தேங்கி, தமிழகம் முழுக்க நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித்தொட்டியில் வரிசை நின்றன. முதல்வராக இருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். எதிர் அணியில் இருந்த அண்ணாவும் அவர் கட்சித் தோழர்களும் 1953-இல் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் கூவி விற்றார்கள். அரசியலில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள் இருவரும் நெசவாளிக்காக ஒரே பக்கம் நின்ற காலம் அது. வீட்டுச் சிக்கனம் எங்கே முடிகிறதோ அங்கே அரசும் சந்தையும் வந்து நின்றாக வேண்டும் என்பதை அந்த இரண்டு வருடங்கள் காட்டின.

இன்றைய குமாரபாளையத்தில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். லுங்கி, துண்டு, வேட்டி, சேலை. பாவுக்குக் கஞ்சி போடுவது சைசிங் ஆலை. தறி நிற்பது சிமென்ட் தரையில், மேலே கூரை. மழை தறியை நிறுத்துவதில்லை. நிறுத்துகிற மற்ற காரணங்கள் ஏராளம். 2012-இல் மின்வெட்டு பாதி நாளைத் தின்றது. 2016-இல் பணமதிப்பிழப்பு, 2017-இல் ஜி.எஸ்.டி., 2020-இல் ஊரடங்கு. 2022-இல் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பருத்தி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறினால் முதலாளி தறியைக் குறைப்பார், ஆளுக்கு வாரத்தில் சில ஷிப்ட் போகும்.

அரசு கைகொடுக்காமல் இல்லை. 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தில், பொங்கலுக்காக ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட சேலைகளும் அதே அளவு வேட்டிகளும் நெய்ய வேண்டியிருக்கிறது. ஈரோடு, நாமக்கல் பக்கத்து விசைத்தறிகளுக்குப் பொங்கலுக்கு முந்தைய மாதங்களின் சோறு அதுதான். 2023-இல் இலவச மின்சாரம், இரண்டு மாதத்துக்கு, விசைத்தறிக்கு 1000 யூனிட்டாகவும் கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும் உயர்ந்தது.

ஆனால் கஷ்டம் இப்போது ஊருக்கு மொத்தமாக வருவதில்லை, வீடு வீடாக வருகிறது. ஒரு தறிப் பட்டறையில் ஆர்டர் இருக்கும், பக்கத்துப் பட்டறை பூட்டியிருக்கும். வேலை இல்லாதவர் வெளியே சொல்லக் கூசுகிறார். தெருவிடம் கேட்கத் தயங்கி வாரத் தவணைக் கடனில் விழுகிறார். முதலாளியிடம் முன்பணம் வாங்கியவருக்கு வேறு பட்டறைக்கு மாறவும் வழியில்லை. 2025-இல் பக்கத்துப் பள்ளிபாளையத்தில், கடனில் சிக்கிய தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி வந்தபோது எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை. அவர்களிடம் போய்ச் சிக்கனமாக இருங்கள் என்று யார் சொல்ல முடியும்?

இருந்தும் சேர்ந்து தாங்குகிற அந்தப் பழைய குணம் செத்துவிடவில்லை. 2018-லும் 2022-லும் ஆகஸ்ட் மாதத்தில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது, எங்கள் ஊரின் இந்திரா நகர், கலைமகள் வீதி போன்ற கரையோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. எல்லோரையும் ஒரே தண்ணீர் கிளப்பியதால் எல்லோரும் முகாமில் ஒரே கூரையின் கீழ் தங்கினார்கள். அங்கே பிள்ளைகள் விளையாடியதையும், பெண்கள் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை இன்னொருவர் கழுவிக் கொடுத்ததையும் பார்த்தபோது ஆயாவின் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் தெருவில் ஒரு பெண் பட்டறை பட்டறையாகப் போய்ப் பாவு பிணைக்கிறார். பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் முனையை இழை இழையாகச் சேர்த்துத் திரிக்கிற வேலை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார். ஈரக்காற்று அடிக்கிற கார்த்திகையில் சாம்பல் விரலில் பிசுபிசுத்துவிடும், வேலை இழுக்கும், அன்றைய கூலி குறையும். “ஏனுங்க, சிரிச்சுக்கிட்டே பிணைச்சா இழை சீக்கிரம் பிடிக்குமுங்க” என்கிறார். வாரச் சீட்டு ஒன்றும் தீபாவளிச் சீட்டு ஒன்றும் கட்டுகிறார். கொள்ளு ரசம் வைத்தால் மார்கழிக் குளிருக்கு மாத்திரைச் செலவு மிச்சம் என்பது அவர் கணக்கு. பிணைப்பு வேலை செய்கிற மற்ற பெண்களையும் சேர்த்து ஒரு சிறு பணப்பெட்டி வைத்திருக்கிறார். யாருக்கு வேலை இல்லையோ அந்த வாரம் அவருக்கு முதலில் கடன், வட்டி கிடையாது.

தீபாவளிக்கு முன் விசைத்தறித் தொழிலாளர்களின் போனஸ் பேச்சுவார்த்தை ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. பல சுற்று இழுத்து, பண்டிகை வாசலில் வந்து நிற்கும்போதுதான் பெரும்பாலும் முடிகிறது. புரட்டாசியிலேயே தொகையை முடிவு செய்துவிட்டால் தொழிலாளர் வீடுகளில் பலரும் தவணைக்காரனிடம் போக வேண்டியிருக்காது. விலையில்லா வேட்டி சேலைக்கான நூலும் ஆனியிலேயே தறிக்கு வந்துவிட வேண்டும். பிடியரிசியைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த இரண்டையும் செய்ய வேண்டியவர்கள் வேறு.