மாணாக்கர் விரும்பும் நூல்

செஞ்சிக் கோட்டை 2025-ம் வருஷம் ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய ஜாபிதாவில் சேர்ந்தது. மகிழ்ச்சியே. ஆனால் அக்கோட்டையின் நிழலில் பயிலும் சிறுவர்க்கு அதனால் யாது பயன் என்று கேட்கிறோம்.

1714-ல் ஆர்க்காட்டு நவாபின் சேனையை எதிர்த்து மாண்ட தேஜ்சிங்கை, தேசிங்குராஜன் என்று ஜனங்கள் இன்றும் போற்றுவதற்குப் பாடப்புத்தகமா காரணம்? அன்று, கதைப்பாடலே. பள்ளி வாசலை மிதியாதவரும் அதைப் பிறர் படிக்கக் கேட்டு மகிழ்ந்தனர்.

உபாத்தியாயர் சிலரோ, படிக்க மறுக்கும் பிள்ளையை மந்தன் என்று தள்ளிவிடுகின்றனர். அவன் விரும்புவது எது என்று வினவினரா? ஒருவனுக்குக் குதிரையும் போரும் இனிக்கும்; மற்றொருவனுக்கு இராஜகிரியின் மேல் நீரைத் தேக்கிய விதம் இனிக்கும்.

தமிழக சர்க்கார் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு நூல்களை அளித்தது. நன்முயற்சியே. எனினும் பிள்ளையின் படியை அறிந்தால் போதாது. விருப்பத்தையும் அறிதல் வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் நூல்களைப் பரப்பி வைத்து, அவர்களே எடுக்க விடுக. எடுத்தது எது, பாதியில் வைத்தது எது என்று உபாத்தியாயர் குறித்துக்கொள்க. அக்குறிப்பே அடுத்த பாடத்துக்கு வழிகாட்டும்.

கோட்டையைக் காக்க முனையும் தேசாபிமானிகள், பூட்டிக் கிடக்கும் பள்ளிப் புத்தக அலமாரிகளின் சாவியையும் தேடுவார்களாக!