கதிர்வீச்சும் அதன் அளவும்



கதிர்வீச்சு என்றவுடன் நம்மிற் பலருக்கு 1945ஆம் ஆண்டில் அழிந்த ஹிரோஷிமாவும் நாகசாக்கியுமே நினைவுக்கு வருகின்றன. அவ்வச்சம் நியாயமானதே. எனினும் அளவறியாத அச்சம் நம்மைக் காக்காது.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். இப்பேச்சைத் தங்கள் இல்லத்துக்குக் கொணரும் வானொலி அலைகளும் ஒருவகைக் கதிர்வீச்சே. ஆயினும் அணுவிலிருந்து இலத்திரனைப் பிரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எக்ஸ்-கதிர்களுக்கும், யுரேனியம், தோரியம் முதலிய மூலகங்கள் வெளிவிடும் கதிர்களுக்கும் அவ்வாற்றல் உண்டு. ஆதலால் அவை நம் உடற்கலங்களைப் பழுதாக்க வல்லவை.

இத்தகைய கதிர்கள் இல்லாத இடம் உலகில் இல்லை. விண்ணிலிருந்தும், மண்ணிலிருந்தும், காற்றிற் கலந்த ரேடன் வாயுவிலிருந்தும் அவை வருகின்றன. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள பொற்றாசியத்தில் மட்டும் செக்கனுக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. நமது பேருவளைக் கடற்கரை மணலிலே தோரியம் அடங்கிய மொனசைற்று உண்டு. அதே கனியம் மிகுந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 மக்களைப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கவனித்து, 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அங்கே புற்றுநோய் மிகுந்திருப்பதாக அவ்வாய்வு காணவில்லை.

ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா, எவ்வளவு என்பதே. உடல் ஏற்கும் கதிர்வீச்சை மில்லிசீவேட் என்னும் அலகால் அளப்பர். இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஆண்டுதோறும் கிடைப்பது, உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவேட். நெஞ்சை ஒருமுறை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால் ஏறக்குறைய 0.1 சேரும், இஃது இயற்கை இரு வாரங்களில் தருவதற்குச் சமம். நெஞ்சுக்குச் செய்யும் சி.ரி. ஸ்கானோ அதனைப் போல் அறுபது எழுபது மடங்கு வரை தரக்கூடும். குண்டுவீச்சிலே உயிர்தப்பியோரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அறிஞர், சுமார் 100 மில்லிசீவேட்டுக்கு மேற்பட்டவிடத்துப் புற்றுநோய் சிறிது மிகுவதைக் கண்டனர். அதற்குக் குறைந்த அளவில் விளையும் தீங்கை அளந்தறிதல் மிக அரிது. இருப்பினும் சிறு அளவும் சிறு தீங்கு தரலாம் என்று கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரே வேளையில் 4,000 அல்லது 5,000 மில்லிசீவேட்டை உடல் முழுவதும் ஏற்றோரிற் பாதிப்பேர் சிகிச்சையின்றேல் மாள்வர்.

இக்கணக்கு நமக்கு எதற்கு? காசநோய் என ஐயுற்று வைத்தியர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லும்போது, கதிருக்கு அஞ்சி மறுப்பவர் இரு வாரக் கதிர்வீச்சைத் தவிர்க்கிறார். ஆனால் நோயைத் தம்முள்ளே வளர்த்து, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரப்புகிறார். மறுபுறம், வைத்தியர் வேண்டாம் என்றபின்னும் மனத்திருப்திக்காக மீண்டும் மீண்டும் ஸ்கான் கேட்பவர், பயனின்றி அளவைக் கூட்டுகிறார். இருவருக்கும் குறைவது அளவு பற்றிய அறிவே.

வைத்தியர் படம் வேண்டுமென்றால், அதனால் அறியப்போவது யாது என்று வினவுங்கள். முன்னர் எடுத்த படங்களைப் பத்திரப்படுத்திக் காட்டுங்கள். கருவுற்ற தாய்மார் அதனை முன்கூட்டியே தெரிவியுங்கள். இவ்வளவும் செய்தபின் அச்சமின்றிப் படம் எடுத்துக்கொள்ளலாம்.