குளிரூட்டல், கட்டட ஆற்றல் ஆய்வு மாநாடுகள்

கட்டடங்களைச் சூடாக்குதல், குளிர்வித்தல், அவற்றின் மின்செலவைக் குறைத்தல் ஆகியவற்றை ஆராய்வோர் கூடித் தம் முடிவுகளை முன்வைக்கும் கூட்டங்களே இத்துறை மாநாடுகள் ஆகும். குளிர்பதனவியலின் முதல் பன்னாட்டு மாநாடு 1908-இல் பாரிசில் நடந்தது. அமெரிக்காவில் 1894, 1904 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய இரு சங்கங்கள் 1959-இல் இணைந்து 'ஆஷ்ரே' ஆயின. இந்தியாவில் இப்பணியைச் செய்யும் 'இஷ்ரே' 1981-இல் தில்லியில் தொடங்கப்பட்டது. ஏக்ரெக்ஸ் கண்காட்சி இச்சங்கத்தினுடையது. குளிர்பதனக் கிடங்குத் துறைக்கான அதன் ரெஃப்கோல்ட் கண்காட்சி 2023 அக்டோபரில் சென்னையில் நடைபெற்றது.

கூட்டம் சேர்வது என்னவோ புது இயந்திரங்கள் வைத்திருக்கும் கூடத்தில்தான். ஆனால் நம் அன்றாட வாழ்வை மாற்றுவது கட்டுரை வாசிக்கும் அறை. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

நம் நாட்டு அலுவலகங்கள் பன்னாட்டுத் தரத்தைப் பின்பற்றி, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22.5 டிகிரி செல்சியசில் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டு வந்தன. வெயிலில் வளர்ந்த உடலுக்கு இவ்வளவு குளிர் வேண்டுமா? அகமதாபாதின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தனர். அகமதாபாத், பெங்களூரு, சென்னை, தில்லி, சிம்லா ஆகிய 5 நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 விடைகள் திரட்டப்பட்டன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிக்குச் சென்னையே மாதிரி. 2014-இல் அகமதாபாதில் நடந்த 'பிளியா' மாநாட்டில், இயற்கைக் காற்றோட்டமுள்ள அலுவலகங்களில் மக்கள் விரும்பும் காற்றின் வேகம் பற்றி இக்குழு கட்டுரை அளித்தது. இவ்வாய்வில் உருவான 'ஐமேக்' என்னும் இந்திய மாதிரி, 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது.

மாணவர்கள் இதைத் தாங்களே கணக்கிடலாம். கடந்த 30 நாள்களின் வெளிவெப்பச் சராசரி 32 டிகிரி என்று கொள்வோம். சன்னல் திறந்து, மின்விசிறி ஓடும் அலுவலகத்தில் இதமான வெப்பநிலை (0.54 × 32) + 12.83, அதாவது ஏறத்தாழ 30.1 டிகிரி. தேவைப்படும்போது மட்டும் ஏசி போடும் அலுவலகத்தில் (0.28 × 32) + 17.87, அதாவது ஏறத்தாழ 26.8. ஏசியின் அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று ஆற்றல் திறன் செயலகம் சொல்கிறது. 22.5-க்கும் 26.8-க்கும் உள்ள இடைவெளி சிறிதன்று.

சூத்திரம் தரும் விடை காற்றின் வெப்பத்தை மட்டும் குறிப்பதன்று. சுவரும் கூரையும் வீசும் கதிர்வெப்பமும் அதில் அடங்கும். எங்கள் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் தகரக் கூரையின்கீழ் கடைசல் இயந்திரத்தில் நிற்பவருக்குத் தலைக்கு மேலிருந்து வரும் சூடே பெருந்துன்பம். சாதாரண வெப்பமானி அதை முழுதாகக் காட்டாது. கறுப்பு வண்ணம் பூசிய செம்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானிதான் காட்டும். ஐமேக் ஆய்வோ நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோரிடம் எடுக்கப்பட்டது. பட்டறைத் தொழிலாளரின் விடைகள் அந்த 6,330-இல் இல்லை.