உங்களுக்குத் தெரியுமா? கம்பளியில் நெய்த சொற்கள்

நினைவு எங்கோ அலைய உட்கார்ந்திருப்பவர் 'வூல் கேதரிங்' செய்கிறார் என்பார்கள் ஆங்கிலேயர்கள். அதாவது, கம்பளி பொறுக்குகிறார்! வேலியிலும் முட்புதரிலும் செம்மறியாடுகள் விட்டுச்சென்ற மயிரைத் தேடி அங்குமிங்கும் அலையும் வேலை அது. கொள்கையில் ஊறியவர் 'டைடு இன் த வூல்'. நூற்பதற்கு முன்பே சாயமேற்றிய கம்பளியில் நிறம் ஆழமாகப் பிடிக்குமே!

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆன் டென்டர்ஹூக்ஸ்'. நெய்து அலசிய கம்பளித்துணி சுருங்காமல் உலர, 'டென்டர்' என்ற மரச்சட்டத்தின் கொக்கிகளில் அதை விறைப்பாக இழுத்து மாட்டுவார்கள். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மனமும் அப்படித்தானே விறைத்துக் கிடக்கிறது!

கம்பளி சொற்களில் மட்டுமல்ல; லண்டனில் பிரபுக்கள் சபையின் தலைவர் அமரும் இருக்கையும் கம்பளி மூட்டைதான். 14-ஆம் நூற்றாண்டு வழக்கம். 1938-இல் பிரித்துப் பார்த்தால், உள்ளே குதிரைமயிர்! பிறகு மறுபடியும் கம்பளியை நிரப்பினார்கள்.